பேனல் சூட்டில் மின்சாரம் தேடலாமா?

சித்திரை மாதத்து உச்சிவேளையில், தருமபுரியில் ஏதாவது ஒரு மாடியில் ஏறி, அங்கே பொருத்தியிருக்கும் சோலார் பேனலின் அடிப்பக்கத்தில் கை வைத்துப் பாருங்கள். இரண்டு மூன்று நொடிக்கு மேல் வைக்க முடியாது. வெளியே காற்று 37 டிகிரி என்றால் பேனல் 65 டிகிரியைத் தொட்டிருக்கும். பென்னாகரம் சாலையில் நண்பர் ஒருவர் வீட்டு மாடியில் நானும் அப்படிக் கையைச் சுட்டுக்கொண்டேன். "இவ்வளவு சூடு சும்மா போகுதே, இதையும் கரண்ட்டா மாத்த ஒரு கருவி வந்திருக்காமே?" என்று கேட்டார் அவர். அவருடைய கைப்பேசிக்கு வந்த காணொலி அப்படித்தான் சொன்னது. பேனலின் முதுகில் ஒரு வில்லையை ஒட்டினால் போதுமாம். பகலில் கூடுதல் யூனிட், இரவிலும் கொஞ்சம் கிடைக்குமாம்.

கேள்வி நியாயமானது. வீணாவதைக் கண்டால் மனம் பொறுக்காத மண் இது. ஆனால், அந்தக் கேள்விக்கான பதில் காணொலியில் இல்லை, கணக்கில் இருக்கிறது. கணக்கைப் போட்டால், அந்தச் சூட்டிலிருந்து மின்சாரம் எடுப்பது தருமபுரிக்கு உதவாத வேலை என்றும், அந்தச் சூட்டைச் சூடாகவே எடுத்துக்கொள்வது தருமபுரிக்கென்றே அமைந்த வேலை என்றும் தெரியவரும்.

உச்சிவெயிலில் ஒரு சதுர மீட்டர் பரப்பில் விழும் ஆற்றல் சுமார் 1,000 வாட். இன்று கடையில் கிடைக்கும் நல்ல சிலிக்கான் பேனல் அதில் 20 முதல் 22 சதவீதத்தை மின்சாரமாக்குகிறது. கொஞ்சம் கண்ணாடியில் பட்டுத் திரும்பிப் போய்விடும். மிச்சமெல்லாம் சூடு. இப்போது பரவலாகப் பொருத்தப்படும் 550 வாட் பேனலின் பரப்பு ஏறத்தாழ 2.6 சதுர மீட்டர். அது 550 வாட் மின்சாரம் தரும் அதே நேரத்தில் 1,900 வாட் அளவுக்குச் சூட்டையும் உண்டாக்குகிறது. குளியலறைக் கீசர் ஒன்றின் சக்தி அது. மூன்று கிலோவாட் அமைப்பு வைத்திருக்கும் வீட்டு மாடியில், மத்தியானம் ஐந்தாறு கீசர்கள் யாருக்கும் பயனில்லாமல் வானத்தைச் சூடாக்கிக்கொண்டிருக்கின்றன.

ஏன் இவ்வளவு வீண்? சிலிக்கானைச் சில்லறை தராத ஒரு கண்டக்டராக நினைத்துக்கொள்ளுங்கள். அவருடைய பேருந்தில் டிக்கெட் விலை 1.1 எலெக்ட்ரான் வோல்ட். அதைவிடக் குறைவாக வைத்திருக்கும் அகச்சிவப்பு ஒளித்துகள் ஏறவே முடியாது. நீல ஒளித்துகள் அதைப்போல் இரண்டரை மடங்கு வைத்திருக்கும். அதற்கும் ஒரே டிக்கெட்தான். மீதி திரும்பக் கிடைக்காது, சூடாகிப் போய்விடும். 1961-இல் வில்லியம் ஷாக்லியும் ஹான்ஸ் குவைசரும் காட்டிய வழியில் கணக்கிட்டால், ஒற்றை அடுக்குச் சூரிய மின்கலம் எவ்வளவு நன்றாகச் செய்யப்பட்டாலும் 33 சதவீதத்தை ஒட்டியே நின்றுவிடும். சிலிக்கானின் மேல் பெராவ்ஸ்கைட் என்ற இன்னொரு அடுக்கை ஏற்றி, இரண்டு கண்டக்டர்களை வேலைக்கு வைக்கும் முயற்சி இப்போது நடக்கிறது. சீனாவின் லோஞ்ஜி நிறுவனம் 2024-இல் இந்த வழியில் 34.6 சதவீதத்தைத் தொட்டது. சூடு உண்டான பிறகு அதைத் துரத்திப் பிடிப்பதைவிட, உண்டாவதையே குறைக்கும் வழி இது. நம் மாடிக்கு வர இன்னும் நாள் ஆகும்.

இந்தச் சூடு வீணாவது மட்டுமல்ல, இருக்கிற மின்சாரத்தையும் தின்கிறது. பேனலின் பின்னால் ஒட்டியிருக்கும் சீட்டில் 550 வாட் என்று இருப்பது, மின்கலம் 25 டிகிரியில் இருக்கும்போது அளந்தது. அதற்கு மேல் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறக்குறைய 0.35 சதவீதம் உற்பத்தி இறங்கும். 65 டிகிரியில் 40 டிகிரி அதிகம். 14 சதவீதம் போயிற்று. அதாவது 77 வாட். தருமபுரியின் சித்திரை வெயிலைவிட மார்கழியின் தெளிந்த நண்பகலில் சில பேனல்கள் நல்ல வாட் காட்டுவதன் ரகசியம் இதுதான். வெயில் வேறு, சூடு வேறு. பேனலுக்கு வேண்டியது முன்னது மட்டும்.

சரி, அந்த வில்லைக்கு வருவோம். அதன் பின்னால் இருக்கும் அறிவியல் பழையது, உண்மையானது. 1821-இல் தாமஸ் யோஹான் சீபெக் இரண்டு உலோகங்களை இணைத்து, ஒரு முனையைச் சூடாக்கி, மறுமுனையைக் குளிர்ச்சியாக வைத்தபோது பக்கத்திலிருந்த காந்த ஊசி நகர்ந்தது. அதைக் காந்தம் என்றே அவர் நினைத்துக்கொண்டார். உள்ளே ஓடியது மின்சாரம் என்று பின்னால் வந்தவர்கள் தெளிவுபடுத்தினார்கள். 1977-இல் ஏவப்பட்ட வாயேஜர் விண்கலங்கள் இந்த முறையில்தான், புளூட்டோனியத்தின் சூட்டை வைத்து, அரை நூற்றாண்டு நெருங்கியும் பேசிக்கொண்டிருக்கின்றன. ஆனால், அங்கே சூடான பக்கம் ஆயிரம் டிகிரி அளவில் இருக்கிறது. மறுபக்கம் அதைவிடப் பல நூறு டிகிரி குறைவு. நம் மாடியில் ஒரு பக்கம் 65, மறுபக்கம் 37.

சூட்டையும் தண்ணீரைப் போலப் பார்க்க வேண்டும். எவ்வளவு இருக்கிறது என்பது ஒரு கேள்வி. எவ்வளவு உயரத்திலிருந்து விழுகிறது என்பது வேறொரு கேள்வி. ஒகேனக்கல்லில் விழுந்து ஓடும் காவிரி, மேட்டூரில் 120 அடி வரை தேங்குகிறது. அந்த உயரம் இருப்பதால் அங்கே டர்பைன் சுழல்கிறது. அணை மின் நிலையத்தில் 50 மெகாவாட்டும் சுரங்க மின் நிலையத்தில் 200 மெகாவாட்டும் உற்பத்தி செய்யும் அளவுக்கு இயந்திரங்கள் இருக்கின்றன. அதே தண்ணீர் தஞ்சாவூரில் வயல் வாய்க்காலில் ஓடும்போது அளவில் குறைவில்லாமல்தான் இருக்கும். ஆனால் அதில் டர்பைனை வைத்தால் சுற்றாது. அதற்காக அந்தத் தண்ணீரை வீண் என்று டெல்டா விவசாயி யாராவது சொல்வாரா? அது நெல்லுக்குப் பாய்கிறது. பேனலின் சூடு வாய்க்கால் தண்ணீர். ஏராளமாக இருக்கிறது, உயரம்தான் இல்லை.

மேட்டூருக்குக் கீழே செக்கானூர், நெரிஞ்சிப்பேட்டை, குதிரைக்கல்மேடு, ஊராட்சிக்கோட்டை கதவணைகளில் தாழ்ந்த வீழ்ச்சியிலும் தலா 30 மெகாவாட் எடுக்கிறார்களே என்று விவரம் தெரிந்தவர் கேட்கலாம். எடுக்கிறார்கள். அதற்கு முழுக் காவிரியையும் குறுக்கே மறித்துக் கதவு போட வேண்டியிருந்தது. பேனலின் முதுகில் அத்தனை வசதி இல்லை.

எண்களில் சொன்னால் இப்படி. 65 டிகிரிக்கும் 37 டிகிரிக்கும் இடையே எந்த இயந்திரமும், அது தெய்வமே செய்த இயந்திரமாக இருந்தாலும், சூட்டில் எட்டு சதவீதத்துக்கு மேல் மின்சாரமாக்க முடியாது. இது இயற்கை விதித்த உச்சவரம்பு. கடையில் கிடைக்கும் பிஸ்மத் டெல்லுரைடு வில்லைகள் அந்த உச்சவரம்பில் ஆறில் ஒரு பங்கைத்தான் எட்டும். ஒன்றரை சதவீதத்துக்கும் குறைவு. அதிலும் முழு வெப்ப வித்தியாசமும் வில்லையின் இரு பக்கங்களுக்குக் கிடைக்காது. பேனலிலிருந்து வில்லைக்கும், வில்லையிலிருந்து காற்றுக்கும் சூடு கடந்துபோகும் வழியிலேயே பாதி தீர்ந்துவிடும். பேனலின் சூட்டில் ஏறத்தாழ பாதி முன்பக்கக் கண்ணாடி வழியாகவே வெளியேறிவிடுகிறது. பின்பக்கம் வருவது மீதிப் பாதி. எல்லாவற்றையும் கழித்துப் பார்த்தால் 550 வாட் பேனலுக்குக் கூடுதலாகக் கிடைப்பது ஏழு வாட். ஓர் ஒன்பது வாட் எல்இடி பல்புக்கே போதாது. அந்த வில்லைகள் பேனலின் முதுகை மூடுவதால் அதன் சூடு நான்கு டிகிரி ஏறினாலும், பேனலின் சொந்த உற்பத்தியில் ஏழு வாட்டுக்கு மேல் இறங்கிவிடும். வரவும் செலவும் ஒன்றாகி, வில்லைக்குக் கொடுத்த காசு மட்டும் கணக்கில் நிற்கும்.

இரவு மின்சாரமும் பொய்யல்ல. 2022-இல் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தில் ஷான்ஹுய் ஃபான் குழுவினர் ஓர் அருமையான சோதனை செய்தார்கள். தெளிந்த வானத்தை நோக்கியிருக்கும் பேனல் இரவில் தன் சூட்டைக் கதிராக அனுப்பிவிட்டு, சுற்றியிருக்கும் காற்றைவிடக் குளிர்ந்துபோகும். அதிகாலையில் பேனலின் மேல் பனி கோத்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள், அது இதனால்தான். அந்தக் குளிர்ச்சிக்கும் காற்றின் வெப்பத்துக்கும் இடையே உள்ள வித்தியாசத்தில் வில்லையை வைத்து அவர்கள் எடுத்தது சதுர மீட்டருக்கு 50 மில்லிவாட். ஒன்பது வாட் பல்பு ஒன்றை இரவில் எரிக்க எழுபது பெரிய பேனல்கள் வேண்டும். ஆட்களில்லாத இடத்தில் ஒரு சிறு உணர்கருவியை பேட்டரி இல்லாமல் இயக்க அது பயன்படலாம். காணொலி செய்பவர்கள் 'மில்லி' என்ற முன்னொட்டைக் கவனமாக விழுங்கிவிடுகிறார்கள்.

அதே பல்கலைக்கழகத்தில் 2010-இல் நிக் மெலோஷ் குழு இன்னொரு வழியைக் காட்டியது. சீசியம் பூசிய காலியம் நைட்ரைடு தகட்டில், சூடு ஏற ஏற மின்சாரமும் ஏறும். சிலிக்கானுக்கு நேர்மாறான குணம். ஆனால், அது சரியாக வேலை செய்ய 200 டிகிரிக்கு மேல் வேண்டும். வெயிலைக் குவிக்கும் பெரிய வட்டில்கள் வேண்டும். பாலைவனத்து மின் நிலையத்துக்கான யோசனை அது. பாலக்கோட்டுத் தோட்டத்துக்கானது அல்ல.

ஆக, கூடுதல் மின்சாரம்தான் வேண்டும் என்றால், சூட்டைப் பிடிப்பதைவிட விரட்டுவதே லாபம். பேனலை 20 டிகிரி குளிரவைத்தால் 38 வாட் திரும்பக் கிடைக்கும். வில்லையின் ஏழு வாட்டைப்போல் ஐந்து மடங்கு. இதற்குப் புது அறிவியல் எதுவும் தேவையில்லை. தகரக் கூரைமேல் ஒட்டினாற்போலப் பேனலைப் பதிப்பதுதான் நம் ஊரில் நடக்கும் பெரிய பிழை. ஆணியடித்துவிட்டுப் போகும் ஆளுக்கு அதனால் இரும்பு மிச்சம், வீட்டுக்காரருக்கு 25 வருஷ நஷ்டம். கீழே ஒரு முழம் இடைவெளி விட்டு, காற்று தடையில்லாமல் ஏறி வெளியேற வழி செய்தாலே பல டிகிரி இறங்கும்.

தண்ணீர் தெளிக்கலாமே என்பார்கள். தருமபுரியில் அதைச் செய்யாதீர்கள். இங்கே போர்வெல் தண்ணீர் கடினநீர். சுடுகண்ணாடியில் தெளித்த தண்ணீர் ஆவியானதும் உப்பு படிந்து, ஆறு மாதத்தில் கண்ணாடி வெளுத்துவிடும். குளிர்ச்சியில் கிடைத்த லாபத்தை வெளிச்சத்தில் இழப்பீர்கள். தண்ணீரைப் பேனலின் முன்னால் ஊற்றாமல், பின்னால் குழாயில் ஓட விடுவதே வழி. சோலார் பம்பு வைத்திருக்கும் விவசாயிக்கு இது எளிது. ஆழத்திலிருந்து 28 டிகிரியில் வரும் தண்ணீர், பேனலின் முதுகைத் தொட்டுவிட்டு வயலுக்குப் போனால் போதும். பம்பு வேகமாக ஓட வேண்டிய நேரமும் பேனல் அதிகம் சூடாகும் நேரமும் ஒன்றாக இருப்பது ஒரு நல்ல பொருத்தம்.

பயிரையும் இந்த வேலைக்கு அமர்த்தலாம். அமெரிக்காவின் அரிசோனா பல்கலைக்கழகத்தில் கிரெக் பேரன்-காஃபோர்ட் குழு பேனல்களுக்குக் கீழே மிளகாயும் சிறு தக்காளியும் பயிரிட்டு 2019-இல் முடிவுகளை வெளியிட்டது. செடிகள் வெளியிடும் நீராவியில் பேனல்கள் பகலில் ஏறக்குறைய ஒன்பது டிகிரி குளிர்ந்தன. தக்காளி விளைச்சல் இரட்டிப்பானது. அரிசோனாவின் வறண்ட காற்று நம்மிடம் கிடையாது, ஆதலால் அதே ஒன்பது டிகிரியை இங்கே எதிர்பார்க்கக் கூடாது. ஆனாலும் கோடையில் வலைப்பந்தல் போட்டுத் தக்காளியைக் காப்பாற்றும் ஊரில், பந்தலுக்குப் பதில் பேனல் என்ற யோசனையைச் சோதித்துப் பார்க்காமல் இருப்பதற்குக் காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

இனி சூட்டைச் சூடாகவே பயன்படுத்துவது பற்றி. பேனலின் பின்னால் குழாய் பதித்து, ஒரு பக்கம் மின்சாரமும் மறுபக்கம் வெந்நீரும் எடுக்கும் கூட்டுப் பேனல்கள் ஐரோப்பாவில் பல ஆண்டுகளாக விற்பனையில் இருக்கின்றன. சர்வதேச எரிசக்தி முகமை 2018 முதல் மூன்று ஆண்டுகள் அதற்கென்றே ஒரு பன்னாட்டு ஆய்வுத் திட்டம் நடத்தியது. அங்கே அவர்களுக்குக் குளிர்காலத்து வீட்டைச் சூடாக்க வேண்டியிருக்கிறது. நமக்கு எதற்கு வெந்நீர் என்ற கேள்வி சென்னையில் எழலாம். தருமபுரியில் எழாது. இங்கே பட்டு இருக்கிறது.

தமிழ்நாட்டுப் பட்டுக்கூடு வியாபாரத்தில் தருமபுரி அரசு அங்காடிக்கு முக்கியமான இடம் உண்டு. மல்பெரி இலையில் தொடங்கும் அந்தத் தொழில், நூலாகும் வரை ஒவ்வொரு கட்டத்திலும் சூட்டைக் கேட்கிறது. ஒவ்வொன்றும் வேறு வேறு சூடு. கூட்டுக்குள் இருக்கும் புழுவை மடியச் செய்து கூட்டை உலர்த்த 100 டிகிரிக்கு மேல் சூடான காற்று வேண்டும். இது பேனலால் ஆகாது. கூட்டை வேகவைக்கக் கொதிநிலையை நெருங்கிய தண்ணீர் வேண்டும். இதற்குப் பேனல் பாதி வழி துணைக்கு வரும். நூலெடுக்கும் தொட்டியில் தண்ணீர் 40 டிகிரிக்கு அக்கம்பக்கம் இருந்தால் போதும். இது பேனலுக்கென்றே சொன்னது போன்ற வேலை.

கணக்கைப் பார்ப்போம். ஒரு கூட்டுப் பேனலிலிருந்து, தண்ணீரை 45 டிகிரிக்கு மேல் ஏற்ற ஆசைப்படாமல் இருந்தால், நல்ல வெயிலில் 1,000 வாட் அளவுக்குச் சூடு எடுக்கலாம். ஒரு நாளில் ஐந்து யூனிட்டுக்குச் சமமான சூடு. 28 டிகிரித் தண்ணீரை 45 டிகிரிக்கு ஏற்றினால் ஏறக்குறைய 250 லிட்டர். பட்டு நூற்பு அலகுகளில் அடுப்பு எரிவது பெரும்பாலும் விறகில். அடுப்பின் திறன் நான்கில் ஒரு பங்கு என்று வைத்துக்கொண்டால், ஒரு பேனல் நாளொன்றுக்கு ஐந்து கிலோ விறகை மிச்சப்படுத்தும். பத்துப் பேனல் என்றால் ஐம்பது கிலோ. தண்ணீரை 28-இலிருந்து 95 டிகிரிக்கு ஏற்றும் வேலையில் முதல் கால் பங்கைப் பேனல் செய்துவிடுகிறது. மீதியை அடுப்பு செய்யட்டும். இத்தனைக்கும் பேனல் அடியில் ஓடும் தண்ணீரால் குளிர்ந்து, மின்சாரமும் கூடுதலாகத் தருகிறது. புகையில் நின்று கூடு வேகவைக்கும் பெண்களின் கண்களுக்கும் நுரையீரலுக்கும் கிடைக்கும் மிச்சத்தை எந்த மீட்டரும் காட்டாது.

இளம்புழு வளர்ப்பு மையங்களையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். முட்டையிலிருந்து வந்த புழுவுக்கு முதல் சில நாட்கள் 27, 28 டிகிரியும் நல்ல ஈரப்பதமும் வேண்டும். தை மாதத்து இரவில் தருமபுரியில் வெப்பம் பதினெட்டுக்கும் கீழே இறங்கும். பகலில் தொட்டியில் சேர்த்த வெந்நீர், இரவில் அந்த அறையைக் கதகதப்பாக வைக்கும். மின்சார ஹீட்டருக்கு வேலை குறையும்.

"வெந்நீர்தான் வேண்டும் என்றால் சோலார் ஹீட்டரே வாங்கலாமே?" என்று இந்த இடத்தில் ஒருவர் குறுக்கிடுவார். சரியான குறுக்கீடு. வெந்நீர் மட்டுமே தேவை, கூரையில் இடமும் உண்டு என்றால், வெற்றிடக் குழாய் ஹீட்டரே மலிவு. அது 70, 80 டிகிரியும் தரும். கூட்டுப் பேனலுக்கு நியாயம் இருப்பது, மின்சாரமும் வெந்நீரும் ஒரே இடத்தில், ஒரே வேளையில், குறைந்த கூரைப் பரப்பில் தேவைப்படும்போதுதான். நூற்பு அலகு அப்படிப்பட்ட இடம். சாதாரண வீடு அப்படிப்பட்ட இடமல்ல. இந்த வேறுபாட்டைச் சொல்லாமல் எல்லா மாடிக்கும் கூட்டுப் பேனல் என்று கிளம்பினால், அதுவும் வில்லைக் கதைதான்.

தக்காளியைப் பற்றியும் அப்படித்தான். விலை விழும்போது பாலக்கோட்டுப் பக்கம் சாலையோரம் கொட்டப்படும் தக்காளியைப் பார்க்கும் எவருக்கும், அதை உலர்த்தி வைக்கலாமே என்று தோன்றும். பேனலின் அடியில் காற்றை ஓட்டினால் அது 50 டிகிரிக்கு அருகில் வெளியே வரும். உலர்த்தப் பொருத்தமான சூடுதான். ஆனால், தக்காளியில் 94 சதவீதம் தண்ணீர். ஒரு கிலோ தண்ணீரை ஆவியாக்க நடைமுறையில் ஒன்றரை யூனிட் வரை சூடு செலவாகும். ஒரு பேனலின் நாள் முழுவதற்குமான சூட்டில் மூன்று நான்கு கிலோ தக்காளி உலரும். நூறு பேனல் வைத்தாலும் 400 கிலோவைத் தாண்டாது. சந்தைக்கு லாரி லாரியாக வருவது டன் கணக்கு. தக்காளி வீழ்ச்சிக்குப் பேனல் சூடு மருந்தாகாது. ஏற்கெனவே பாதி உலர்ந்து வரும் பொருள்களுக்கு, அதாவது புளிக்கும் சாமைக்கும், அது கைகொடுக்கும். வாசலில் காயப்போட்ட புளி திடீர் மழையில் நனையும் கஷ்டமும் தீரும்.

இந்த மாவட்டத்துக்கு இன்னொரு பழைய துயரம் உண்டு: நிலத்தடி நீரில் ஃபுளோரைடு. குடிநீரில் லிட்டருக்கு ஒரு மில்லிகிராம்தான் இருக்கலாம், வேறு வழியில்லாவிட்டால் ஒன்றரை வரை, என்கிறது இந்தியத் தர நிர்ணயம். அதைப் பல மடங்கு தாண்டிய தண்ணீரைக் குடித்துப் பல்லும் எலும்பும் கெட்ட தலைமுறைகள் இங்கே இருக்கின்றன. ஜப்பானியக் கடனுதவியில் ரூ.1,928 கோடியில் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் தொடங்கிவைக்கப்பட்டது அதற்காகத்தான். அந்தக் குழாய் எட்டிய இடத்தில் நிலைமை மாறியது. குழாயில் தண்ணீர் வராத நாட்களில் மக்கள் மறுபடி போர்வெல்லிடம்தான் போகிறார்கள்.

தண்ணீர் ஆவியாகும்போது ஃபுளோரைடு கூடப் போகாது, கீழேயே தங்கிவிடும். சவூதி அரேபியாவின் மன்னர் அப்துல்லா அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் பெங் வாங் குழு 2019-இல் வெளியிட்ட ஆய்வு இங்கேதான் பொருந்துகிறது. சோலார் பேனலின் முதுகில் மெல்லிய சவ்வுகளை அடுக்கி, பேனல் சூட்டாலேயே உப்புநீரை ஆவியாக்கி வடித்தார்கள். மேல் அடுக்கில் ஆவி குளிரும்போது விடும் சூட்டைக் கீழ் அடுக்கு வாங்கி மறுபடி வேலை செய்கிறது. ஒரு சதுர மீட்டருக்கு மணிக்கு ஒன்றரை லிட்டருக்கும் மேல் நன்னீர் கிடைத்தது. பேனலின் மின்சாரமும் குறையவில்லை. அது ஆய்வகத்து விளக்கொளியில் வந்த எண். தருமபுரி வெயிலிலும் தூசியிலும் பாதி கிடைத்தால்கூட, ஒரு பெரிய பேனலிலிருந்து நாளைக்கு எட்டு லிட்டருக்குக் குறையாது. ஒரு சிறிய குடும்பம் குடிக்கவும் உலைவைக்கவும் அது போதும். பேனல் சூட்டில் எழுந்த யோசனைகளிலேயே இந்த மாவட்டத்தின் பெயரை எழுதிவைத்தது போன்ற ஒன்று இருக்குமானால், அது இதுதான்.

இவையெல்லாம் ஏன் நடக்கவில்லை? அரசின் கண்ணுக்கு யூனிட் மட்டும் தெரிவதால். 2010 ஜனவரியில் தொடங்கிய ஜவாஹர்லால் நேரு தேசிய சூரிய இயக்கத்துக்கு 2022-க்குள் அடைய வேண்டிய இலக்குகள் பல இருந்தன: 20,000 மெகாவாட் சூரிய மின்சாரம் ஒன்று, இரண்டு கோடி சதுர மீட்டர் சூரிய வெப்பச் சேகரிப்பான்கள் இன்னொன்று. 2015-இல் மின்சார இலக்கு ஐந்து மடங்காகி ஒரு லட்சம் மெகாவாட் ஆனது. வெப்ப இலக்கைப் பற்றிய பேச்சு அடங்கிப்போனது. வெந்நீர்க் கலன்களுக்கு ஒருகாலத்தில் கிடைத்த மத்திய மானியமும் நின்றது. 2024 பிப்ரவரியில் வந்த பிரதமரின் சூரிய வீடு திட்டம் மூன்று கிலோவாட் அமைப்புக்கு ரூ.78,000 தருகிறது, நல்ல திட்டம், குறை சொல்ல மாட்டேன். ஆனால், அதே பேனல் மின்சாரத்தைப்போல் இரு மடங்கு வெப்பத்தையும் சேகரித்துத் தந்தால் அதற்கு ஒரு ரூபாய் கிடையாது. வெப்பத்துக்கு மீட்டர் இல்லை, மீட்டர் இல்லாததற்கு மானியம் இல்லை. விறகு மிச்சமானதை எந்தப் பதிவேடும் எழுதிக்கொள்வதில்லை.

சூட்டைச் சூடாகவே பயன்படுத்துவது நமக்குப் புதிதும் அல்ல. ஆரோவில்லின் சமையற்கூடக் கூரைமேல் 15 மீட்டர் விட்டமுள்ள கண்ணாடிக் கிண்ணம் ஒன்று வெயிலைக் குவித்து நீராவி உண்டாக்குவதற்கென்றே அமைக்கப்பட்டது. நல்ல வெயில் நாளில் ஆயிரம் பேருக்குச் சமைக்க முடியும். அதில் ஒரு யூனிட் மின்சாரமும் வருவதில்லை. யாரும் அதைத் தோல்வி என்று சொல்லவில்லை.

எனவே இரண்டு விஷயங்கள். மாடியில் பேனல் வைத்திருப்பவர்களுக்கு: முதுகில் எதையும் ஒட்டாதீர்கள். கூடுதல் மின்சாரம் வராது. 25 வருஷ உத்தரவாதம் போய்விடக்கூடும். பேனலுக்குக் கீழே காற்று போகிறதா என்று மட்டும் பாருங்கள்.

பட்டு வளர்ச்சித் துறைக்கும் தமிழ்நாடு பசுமை எரிசக்திக் கழகத்துக்கும்: பெரிய அறிவிப்பு எதுவும் வேண்டாம். தருமபுரி அங்காடிக்குப் பக்கத்தில் விருப்பமுள்ள ஒரு நூற்பு அலகைத் தேர்ந்தெடுங்கள். கூரையில் பத்துக் கூட்டுப் பேனல்களைப் பொருத்துங்கள். செட்டிக்கரை அரசு பொறியியல் கல்லூரி மாணவர்களிடம் ஒரு வெப்பமானியையும், தண்ணீர் மீட்டரையும், விறகு நிறுக்க ஒரு தராசையும் கொடுத்து, தை முதல் ஆடி வரை தினமும் எழுதச் சொல்லுங்கள். வந்த எண்களை, நல்லதாக இருந்தாலும் கெட்டதாக இருந்தாலும், அங்காடியின் அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள்.